எலும்பு முளைக்குமா? ஒரு ரத்தக்கட்டியின் வரலாறு

டிஸ்கி: நான் பல் டாக்டர் கிடையாது. இன்ஜினியரிங் முடிச்சுட்டு பொட்டி தட்டுற ஆளு. படிச்சதை சொல்றேன், வைத்தியம் சொல்லலை. டாக்டர் பதிவர்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து தாராளமா குட்டுங்க.

ஆறு வயசுல பல் விழுந்தா கவலையே இல்லை, திரும்ப முளைச்சுடும். நாற்பது, அம்பது வயசுல பல் ஆட ஆரம்பிச்சா கதை வேற. பல்லு முழுசா நல்லாத்தான் இருக்கும். சொத்தை இருக்காது, வலி கூட இருக்காது. ஆனா அதைச் சுத்தி இருக்கிற தாடை எலும்பு உள்ளுக்குள்ள கரைஞ்சு போயிருக்கும். கம்பம் நல்லாருக்கு, நட்ட மண்ணு அரிச்சுப் போச்சுங்கிற மாதிரி. பல்லு மேல படியிற அழுக்குல குடியிருக்கிற பாக்டீரியாவும், அதுகூட நம்ம உடம்பு போடுற சண்டையும் சேர்ந்து செய்யிற வேலை இது. உலக சுகாதார நிறுவனத்தோட 2022 அறிக்கைப்படி தீவிரமான ஈறு நோய் உள்ளவங்க உலகத்துல நூறு கோடிக்கும் மேல. நம்ம வீடுகள்ல இதுக்கு வைக்கிற பேரு "வயசாயிடுச்சு".

கரைஞ்ச அந்த எலும்பைத் திரும்ப வளர வைக்க முடியுமா, அதுவும் நம்ம கையிலேருந்து எடுத்த ரத்தத்தை வெச்சு முடியுமாங்கிறது தான் இந்தப் பதிவு. சுருக்கமா சொல்லணும்னா, சில இடத்துல முடியும், பல இடத்துல முடியாது. இதை கண்டுபிடிக்க எடுத்துக்கிட்ட பாதை தான் சுவாரஸ்யம்.

19ம் நூற்றாண்டுல அமெரிக்காவுல ஜான் ரிக்ஸ்னு ஒரு பல் மருத்துவர். ஈறு நோய்க்கே அங்க ரொம்ப நாளைக்கு "ரிக்ஸ் நோய்"னு தான் பேரு. அவரோட வைத்தியம், வேர் வரைக்கும் சுரண்டி சுத்தம் பண்ணு, பல்லு பிழைச்சுக்கும்ங்கிறது. (இதே ரிக்ஸ் தான் 1844ல ஹோரஸ் வெல்ஸ்ங்கிற பல் மருத்துவருக்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயு மயக்கத்துல வலியில்லாம பல்லு பிடுங்கினவர். மயக்க மருந்து வரலாறு அங்கிருந்து தான் சூடு பிடிக்குது. அது தனிப் பதிவுக்கான மேட்டர்.) அடுத்து 1910ல வில்லியம் ஹண்டர்ங்கிற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவுல ஒரு உரை ஆத்தினார். வாயில இருக்கிற சீழ் தான் உடம்புல பாதி வியாதிக்கு மூலம்ங்கிற மாதிரி. அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல, மூட்டு வலியா பல்லைப் பிடுங்கு, வயித்து வலியா பல்லைப் பிடுங்குன்னு ஒரு அலை. கொஞ்சமும் ஆடாத பல்லெல்லாம் போச்சு. எலும்பு திரும்ப வருமான்னு கேட்கிற மனநிலையே அப்ப இல்லை.

இங்க தான் நான் ரொம்ப ரசிச்ச ஆள் வர்றார். டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்ல ஜான் பிரிச்சர்ட். 1957ல அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஈறு நோய்ல எலும்பு ரெண்டு விதமா கரையும். ஒன்னு, எல்லா பல்லைச் சுத்தியும் ஒரே மட்டமா இறங்கும், கோடையில கண்மாய்த் தண்ணி வத்துற மாதிரி. இன்னொன்னு, ஒரே பல்லை ஒட்டி கிணறு மாதிரி ஆழமா குழி விழும். அந்தக் குழிக்கு ஒரு பக்கம் பல்லோட வேர், மீதி மூணு பக்கமும் எலும்புச் சுவர். இந்த மூணு சுவர் குழியை நல்லா திறந்து, உள்ள இருக்கிற கெட்ட சதையை எல்லாம் வழிச்செடுத்து, வேரை சுத்தமாக்கி விட்டா, குழிக்குள்ள ரத்தம் நிரம்பி உறையும். அந்த உறைஞ்ச கட்டி மெல்ல எலும்பா மாறும்னு எக்ஸ்ரேயோட காமிச்சார். எந்த மருந்தும் வைக்கலை, எந்தப் பொடியும் போடலை. வெறும் ரத்தக்கட்டி.

அந்த வெறும் ரத்தக்கட்டியை ஞாபகம் வெச்சுக்கங்க. அடுத்த ஐம்பது வருஷம் உலகம் எங்கெங்கயோ சுத்திட்டு திரும்ப அங்க தான் வந்து நிக்கப் போகுது.

முதல் சுத்து, சுவீடன். அதுக்கு முன்னாடி 1976ல மெல்ச்சர்னு ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டார். ஆபரேஷன் பண்ணின குழிக்குள்ள முதல்ல யார் போய் உக்கார்றாங்க? ஈறோட மேல்தோல் செல்கள் பயங்கர வேகம். எலும்பு செல்களும், பல்லை எலும்போட கட்டி வெச்சிருக்கிற நார் செல்களும் மந்தம். மேல்தோல் முந்திக்கிட்டு வேர் ஓரமா சரசரன்னு இறங்கிட்டா அதோட சரி, பின்னாடி வர்றவங்களுக்கு இடமில்லை. புண் ஆறும், எலும்பு வராது.

எங்க கப்பலூர்க்காரங்களுக்கு இதை ஒரே வரியில விளக்கிடலாம். டோல்கேட் :-) (கப்பலே இல்லாத ஊருக்கு கப்பலூர்னு பேரு. ஆனா டோல்கேட்டால மதுரை ஜில்லா பூராவும் ஃபேமஸ். திருமங்கலத்துக்காரங்க அதை எதிர்த்து எத்தனை மறியல் பண்ணிருப்பாங்கன்னு கணக்கே இல்லை.) நான்கு வழிச் சாலையில பறந்து வர்ற காரை எல்லாம் டோல்கேட்ல நிறுத்திட்டா, சிட்கோ தொழிற்பேட்டையிலேருந்து லோடு ஏத்திக்கிட்டு மெதுவா வர்ற வண்டி முதல்ல போய்ச் சேர்ந்துடும்ல? அதைத்தான் கோத்தன்பர்க்ல நைமன், லிண்டே, கேரிங் குழு 1982ல ஒரு மனுஷ வாய்ல செஞ்சு காட்டிச்சு. ஆய்வகத்துல வடிகட்டப் பயன்படுற மெல்லிய தாளை ஈறுக்கும் குழிக்கும் நடுவுல வெச்சு மேல்தோலைத் தடுத்தாங்க. மூணு மாசம் கழிச்சு அந்தப் பல்லை சுத்தி இருக்கிற எலும்போட வெட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்தா, வேர் மேல புதுசா நார் ஒட்டியிருந்துச்சு.

கவனிச்சீங்களா? பல்லைக் காப்பாத்தினோம்னு நிரூபிக்க பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கு. எக்ஸ்ரேல வெள்ளையா தெரியறது எலும்பு தான். ஆனா அது பல்லோட நார் போட்டு கட்டிக்கிட்டு இருக்கா, இல்லை நடுவுல மேல்தோல் ஒரு பாய் விரிச்சுப் படுத்திருக்கான்னு எக்ஸ்ரேக்கு தெரியாது. இந்தத் துறையில எந்த ஆராய்ச்சியைப் படிச்சாலும் இந்த சங்கடம் பின்னாடியே வரும்.

ரெண்டாவது சுத்து தான் ரத்தம். இதுல ஒரு வேடிக்கை. ரத்தத்துக்குள்ள இருக்கிற வளர்ச்சிக் காரணியை கண்டுபிடிச்சவங்கள்ல முக்கியமானவர் ரஸ்ஸல் ராஸ். சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல இருதய ரத்தக்குழாய் அடைப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவர். ஆனா அவர் முதல்ல படிச்சது பல் மருத்துவம்! ஆய்வகத்துல செல் வளர்க்கிறவங்க தட்டுல சீரம் ஊத்துவாங்க. சீரம்னா ரத்தத்தை உறைய விட்டு, அதுக்கப்புறம் மேல தெளியிற தண்ணி. பிளாஸ்மாங்கிறது உறையறதுக்கு முன்னாடியே அணுக்களைப் பிரிச்சு எடுக்கிறது. ராஸ் குழு 1974ல காட்டினது இது தான்: தசை செல்கள் சீரத்துல ஜோரா பெருகுது, பிளேட்லெட் இல்லாத பிளாஸ்மாவுலேருந்து எடுத்த சீரத்துல சும்மா கிடக்குது. ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்? பிளேட்லெட் வெடிச்சு தன் பையில இருக்கிறதை கொட்டிச்சா இல்லையாங்கிறது தான்.

பிளேட்லெட்டை நமக்கு அறிமுகப்படுத்தி வைக்க வேண்டியதில்லை. டெங்கு சீசன்ல டீக்கடையில கூட "பிளேட்லெட் எவ்வளவு? பப்பாளி இலைச்சாறு குடுத்தீங்களா?"ன்னு பேச்சு ஓடுது. ரத்தத்தை நிறுத்துற சின்னத் துணுக்குன்னு தான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஆனா ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டி சிமெண்ட் மூட்டை மாதிரி. உடைஞ்ச இடத்துக்கு வந்து ஓட்டையை அடைச்சுட்டு, அப்படியே கொத்தனாருக்கும் சொல்லி அனுப்புது. அந்த ஆள் விடுற சேதிகள்ல ஒன்னு தான் பி.டி.ஜி.எஃப். பிளேட்லெட்டிலேருந்து வர்ற வளர்ச்சிக் காரணி.

1979ல ஹார்வர்டுல அன்டோனியாடிஸ் குழு அதை சுத்தமா பிரிச்சு எடுத்துச்சு. 1989ல சாமுவேல் லின்ச்சும் அதே அன்டோனியாடிஸும் மத்தவங்களும் சேர்ந்து ஈறு நோய் வந்த பீகிள் நாய்களுக்கு இதை இன்னொரு வளர்ச்சிக் காரணியோட கலந்து வெச்சு, எலும்பும் நாரும் புதுசா வர்றதைக் காட்டினாங்க. லின்ச் அப்புறம் கம்பெனியே ஆரம்பிச்சுட்டார். ஈஸ்ட்ல வளர்த்த மனுஷ பி.டி.ஜி.எஃப், கூட கால்சியம் பாஸ்பேட் மணல். 180 நோயாளிகளை வெச்சு நடத்தின ஆய்வு 2005ல வெளியாச்சு. ஆறு மாசத்துல மருந்து வெச்ச குழி 57 சதவீதம் நிரம்பிச்சு, வெறும் மணல் வெச்ச குழி 18 சதவீதம். அதே 2005ல அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதியும் கிடைச்சது. நல்ல மருந்து தான். விலையைப் பார்த்தா நம்மாளு பல்லே வேணாம்னு ஓடிடுவான்.

காசு குடுத்து ஒரே ஒரு சேதியை டப்பாவுல வாங்குறதுக்கு பதிலா, சேதி அனுப்புற ஆளையே நம்ம ரத்தத்துலேருந்து கூட்டிக்கிட்டு வந்தா என்ன? இந்த யோசனை ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1998ல மயாமி பல்கலைக்கழகத்துல ராபர்ட் மார்க்ஸ் குழு 88 பேருக்கு தாடையில எலும்பு ஒட்டு வெச்சுது. புற்றுக்கட்டி மாதிரி காரணத்தால 5 செ.மீ.க்கு மேல தாடை எலும்பை இழந்தவங்க. பாதிப் பேருக்கு ஒட்டோட பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவும் சேர்த்தாங்க. அது தான் பி.ஆர்.பி. ஆறு மாசத்துல எலும்பு அடர்த்தி சேர்த்தவங்களுக்கு சுமார் 74 சதவீதம், சேர்க்காதவங்களுக்கு 55 சதவீதம். அவ்ளோ தான், உலகமே பி.ஆர்.பி. பின்னாடி ஓட ஆரம்பிச்சுது. முட்டிக்கு, முகத்துக்கு, முடிக்கு. இன்னைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல "முடி கொட்டுதா?"ன்னு பெரிய போர்டு இருக்கே, அதோட பூர்வீகம் ஒரு தாடை ஆபரேஷன்.

ஆனா பி.ஆர்.பி.யில ஒரு குடைச்சல். ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து கலக்கணும். சுத்திப் பிரிக்கணும். அப்புறம் திரும்ப உறைய வைக்க இன்னொன்னு கலக்கணும். அந்த இன்னொன்னு பெரும்பாலும் மாட்டு ரத்தத்துலேருந்து எடுத்த திராம்பின். அது சில பேருக்கு உறைதலுக்கு எதிராவே எதிர்ப்பு அணுக்களை உண்டாக்கி, ரத்தம் நிக்காம போற ஆபத்து உண்டு. நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக்கை சரி பண்ண இன்னொரு பேட்ச், அந்த பேட்ச்சால புது பக்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு வகையில ஃபிரெஞ்சு சட்டம். 1980கள்ல ஃபிரான்ஸ்ல எய்ட்ஸ் கிருமி கலந்த ரத்தப் பொருட்களை ரத்தம் உறையாத நோய் உள்ளவங்களுக்கு குடுத்து ஏகப்பட்ட பேர் செத்துப் போனாங்க. பெரிய ஊழல், கோர்ட், கேஸு, அமைச்சர்கள் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் ரத்தத்தைத் தொடறதுக்கே அங்க கடுமையான சட்டங்கள். மருந்து கலந்து பதப்படுத்தின ரத்தத்தை திரும்ப உடம்புல வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. நீஸ் நகரத்துல ஜோசஃப் ஷுக்ரூன்னு ஒரு மருத்துவர் யோசிச்சார். எதையும் கலக்கக் கூடாதா? சரி, கலக்கலை.

கையிலேருந்து 10 மில்லி ரத்தம். எந்த மருந்தும் இல்லாத குழாய். எடுத்த கையோட சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு பத்துப் பன்னண்டு நிமிஷம் சுத்து. உறைய ஆரம்பிக்கும்போதே சுத்துறதால சிவப்பணு கனமா அடியில போயிடும். மேல வைக்கோல் நிறத்துல தெளிஞ்ச தண்ணி. நடுவுல பாலாடை மாதிரி மஞ்சளா, வழுவழுன்னு ஒரு கட்டி. அது தான் ஃபைப்ரின் வலை. பிளேட்லெட்டும் வெள்ளையணுவும் அதுக்குள்ள சிக்கியிருக்கும். இடுக்கியால தூக்கலாம், அழுத்தி தாள் மாதிரி ஆக்கலாம், கத்தரிச்சு குழிக்குள்ள வைக்கலாம், தையல் கூட போடலாம். சேதியை ஒரே நாள்ல கொட்டாம ஒரு வாரத்துக்கு மேல கசிய விடும். 2001ல இதை வெளியிட்டார். பேரு பி.ஆர்.எஃப். ரத்தம் எடுத்ததுலேருந்து சுத்த ஆரம்பிக்கிற வரைக்கும் தாமதம் ஆனா மட்டும் காரியம் கெட்டுது, எல்லாம் ஒன்னா உறைஞ்சு போயிடும்.

பிரிச்சர்டை ஞாபகம் இருக்கா? 1957ல குழிக்குள்ள தானா நிரம்பி உறைஞ்ச அதே ரத்தக்கட்டி. 2001ல சிவப்பணுவை எடுத்துட்டு, கையால தூக்கிப் போகிற மாதிரி ஆக்கிட்டாங்க. நடுவுல 1991ல ஒரு அழகான ஆய்வும் இருக்கு. விகெஷோவும் சகாக்களும் நாய்களோட பல் வேர்ல ஹெப்பாரின் தடவிப் பார்த்தாங்க. ரத்தக்கட்டி வேர்ல ஒட்டவிடாம பண்ற மருந்து அது. கட்டி ஒட்டாத பல்லுல மேல்தோல் சர்ருன்னு இறங்கிடுச்சு. அதாவது டோல்கேட்டும் கட்டி தான், சிமெண்டும் கட்டி தான். அது ஆடாம அசையாம ஒட்டி இருந்தா போதும்.

இப்ப ஒரு சின்ன கொசுவத்தி. போன வருஷம் எங்கம்மாவுக்கு கீழ்த்தாடையில வலது பக்கத்து கடைவாய்ப்பல் ஆட ஆரம்பிச்சுது. முன்னாடி நாலு பல்லும் லேசா ஆட்டம். அம்மாவுக்கு சர்க்கரையும் உண்டு. சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே குரல்ல, "பூராத்தையும் எடுத்துட்டு செட்டு வெச்சுரு மதினி, நிம்மதி"ன்னுட்டாங்க. திருமங்கலம் போற வழியில ஒரு சின்ன கிளினிக். அங்க இருந்த டாக்டரம்மா எக்ஸ்ரேவை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு காமிச்சாங்க. முன்னாடி நாலு பல்லுக்கும் எலும்பு ஒரே மட்டமா இறங்கியிருக்கு. கடைவாய்ப்பல்லுக்கு மட்டும் ஒரு பக்கமா கிணறு. "இந்தக் கிணத்துக்கு ஒரு வழி இருக்கு தம்பி. முன்னாடி பல்லுக்கு ரத்தம் வெச்சு பிரயோஜனம் இல்லை, அங்க நிக்கிறதுக்கு சுவரே கிடையாது"ன்னாங்க. முதல்ல மூணு மாச சர்க்கரை அளவைப் பார்த்துட்டு, அது இறங்கின பிறகு தான் கத்தியையே எடுத்தாங்க.

கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது அம்மா என்னைப் பார்த்து, "ஏன்டா, என் ரத்தத்தை எடுத்து என் வாய்க்குள்ளயே வைக்கிறதுக்கு நான் காசு குடுக்கணுமா?"ன்னு கேட்டாங்க. டாக்டரம்மாவால சிரிப்பை அடக்க முடியலை. ஆனா நல்ல கேள்வி. அந்தக் காசு ரத்தத்துக்கு இல்லை. ஈறைத் திறந்து, வேரை முக்கால் மணி நேரம் உக்காந்து சுத்தம் பண்ணினதுக்கு.

ஆறு மாசம் கழிச்சு எடுத்த எக்ஸ்ரேல கிணறு பாதி மேடாகியிருந்துச்சு. ஏழு மில்லிமீட்டர் ஆழம் நாலா குறைஞ்சுது. முன்னாடி நாலு பல்லையும் சுத்தம் பண்ணி ஒன்னோடொன்னு கம்பியால கட்டி விட்டிருக்காங்க, இன்னும் வாயில தான் இருக்கு. "ரத்தம் வெச்சதால தான் எலும்பு வந்துச்சா?"ன்னு கேட்டேன். "சுத்தம் பண்ணினதாலயும் வந்திருக்கலாம். ஒரே பல்லுல ரெண்டையும் பிரிச்சு எப்படி சொல்றது?"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்த நேர்மைக்காகவே அவங்க மேல மரியாதை கூடிடுச்சு. அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு தான் நான் இத்தனையும் படிச்சேன்.

ஒரே பல்லுல பிரிக்க முடியாதுன்னா நிறைய பல்லுல பிரிக்கணும். அதைச் செஞ்சது நம்ம பக்கத்து ஊர். பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரி, ஏ.ஆர்.பிரதீப் தலைமையிலான ஈறு நோய்த் துறை. பி.ஆர்.எஃப். பத்தின ஆய்வுகளைத் தேடினா அந்தப் பேரு வந்துக்கிட்டே இருக்கும். ஏன் அங்க? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் காரணம் எளிமையானது. அரசு கல்லூரி. கூட்டமா வர்ற நோயாளிகள். டப்பா மருந்து வாங்க வசதி இல்லை, ஒரு சென்ட்ரிஃப்யூஜும் ஊசியும் இருந்தா போதும். பணக்கார ஊர்ல யாருக்கும் லாபம் இல்லாத வைத்தியத்தை, ஏழை நோயாளி அதிகமா வர்ற இடம் எடுத்து சோதிச்சிருக்கு. இதுல எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

2011ல அவங்க வெளியிட்ட ஒரு ஆய்வு, 32 குழிகள். சுத்தம் மட்டும் பண்ணினதுல எலும்பு 29 சதவீதம் நிரம்பிச்சு, பி.ஆர்.எஃப். வெச்சதுல 47. அதே 2011ல இன்னொரு ஆய்வு, இந்த தடவை மூணு சுவர் குழிகள் மட்டும். பி.ஆர்.எஃப்.ல 48, சுத்தம் மட்டும் பண்ணினதுல 2க்கும் கீழ. 2012ல பி.ஆர்.எஃப்.பையும் பி.ஆர்.பி.யையும் நேருக்கு நேர் மோத விட்டாங்க. 55, 56. கிட்டத்தட்ட டிரா. சுத்தம் மட்டும் திரும்பவும் 2க்கும் கீழ.

கோடு எழுதுறவன் கண்ணுக்கு இதுல வைத்தியத்தை விட ஒப்பீட்டு எண் தான் முதல்ல படுது. 48ம் 55ம் ஒத்துப் போகுது, சந்தோஷம். ஆனா வெறும் சுத்தம் ஒரு ஆய்வுல 29, மத்ததுல 2ஆ? மூணு சுவர் குழி தான் தானா நிரம்பும்னு 1957லயே பிரிச்சர்ட் சொன்ன இடம். அங்க தான் எண் குறைவா இருக்கு. குழியோட ஆழம், எக்ஸ்ரேவை அளக்கிற மென்பொருள், நோயாளிங்க வாய் சுத்தம்னு மாறுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனா ஒரு வைத்தியத்தோட மதிப்பு அதுவும் ஒப்பீடும் சேர்ந்த கழித்தல் கணக்குல தான் இருக்கு. ஒப்பீடு தரையில கிடந்தா எதுவும் மலையா தெரியும். 47ல 29 கழிச்சா வர்ற 18 தான் ரத்தத்தோட பங்குன்னு நான் எடுத்துக்கறேன். குறைவு தான். ஆனா இலவசமா கிடைக்கிற 18.

அப்புறம் புடாபெஸ்ட்ல டோரி குழு 2007ல ஒரு வேலை பண்ணிச்சு. மாட்டு எலும்புப் பொடியும் தடுப்புத் தாளும் ஏற்கனவே வெச்ச குழிக்கு மேலதிகமா பி.ஆர்.பி.யைச் சேர்த்தா கூடுதல் பலன் இல்லைன்னு காட்டுச்சு. எனக்கு இது நியாயமாத்தான் படுது. டோல்கேட்டும் போட்டாச்சு, கல்லும் மண்ணும் கொட்டியாச்சு. அதுக்கு மேல சிமெண்ட் மூட்டை எதுக்கு? வேற எதுவும் வைக்காத இடத்துல தான் ரத்தம் வேலை காட்டுது. பெங்களூர்க்காரங்க சளைக்கலை. 2015ல சர்க்கரைக்கு குடுக்கிற மெட்ஃபார்மினை 1 சதவீத ஜெல்லா பி.ஆர்.எஃப்.போட கலந்து வெச்சு பார்த்தாங்க, இன்னும் கொஞ்சம் கூடிச்சு. எங்கம்மா தினம் முழுங்குற அதே மாத்திரை!

ஐரோப்பிய ஈறு நோய் கூட்டமைப்பு 2020ல ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. 3 மி.மீ.க்கு மேல ஆழமான எலும்புக் குழி இருந்து, சுத்தம் பண்ணியும் ஈறுப் பை ஆழமாவே இருந்தா எலும்பு வளர்ப்பு ஆபரேஷன் பண்ணலாம்ங்கிறாங்க. ஆனா அதுக்கு அவங்க கை காட்டுறது தடுப்புத் தாளையும், பன்னிக்குட்டி பல்லோட எனாமல் புரதத்தையும் தான். ரெண்டுக்கும் மைக்ரோஸ்கோப் சாட்சி நிறைய, வருஷக்கணக்கான தொடர் கண்காணிப்பும் உண்டு. நம்ம ரத்தக்கட்டிக்கு எக்ஸ்ரே சாட்சி குவிஞ்சு கிடக்கு, மைக்ரோஸ்கோப் சாட்சி கம்மி. யாருக்கும் சொந்தமில்லாத வைத்தியத்துக்கு செலவு பண்ணி பத்து வருஷம் பின்தொடர யார் வருவா?

யாருக்கும் சொந்தமில்லைங்கிறதுல இன்னொரு தொல்லையும் இருக்கு, நம்ம ஓப்பன் சோர்ஸ் மக்களுக்கு நல்லா புரியும். ஆளாளுக்கு ஒரு ஃபோர்க். எல்-பி.ஆர்.எஃப்., ஏ-பி.ஆர்.எஃப்., ஐ-பி.ஆர்.எஃப்., துருக்கியில டைட்டானியம் குழாய்ல சுத்துற டி-பி.ஆர்.எஃப். டாக்குமெண்டேஷன் மட்டும் படு மோசம். ரொம்ப நாள் வரைக்கும் முக்கால்வாசி கட்டுரையில "2700 சுற்று, 12 நிமிஷம்"னு எழுதிட்டு போயிட்டாங்க. சுற்று எண்ணிக்கை விசை ஆகாதுங்க! சுழற்றியோட ஆரத்தைப் பொறுத்து மாறும். 8 செ.மீ ஆரம் உள்ள மிஷின்ல 2700 சுற்றுன்னா புவியீர்ப்பு விசையைப் போல சுமார் 650 மடங்கு. 12 செ.மீ ஆரத்துல அதே 2700, கிட்டத்தட்ட 980 மடங்கு. செல்கள் எங்க போய் உக்காரும்ங்கிறதே மாறிடும். பெங்களூர்ல ஒரு மிஷின், புடாபெஸ்ட்ல ஒரு மிஷின், ஆனா தாள்ல ரெண்டும் ஒரே எண். சிலிக்கா பூசின பிளாஸ்டிக் குழாய்ல சுத்தினா அந்தத் துகள் கட்டிக்குள்ள கலந்துடுதுன்னு ஜப்பான்ல நிகாட்டா குழு வேற 2019ல எச்சரிச்சுது. வெறும் கண்ணாடிக் குழாயே நல்லதுங்கிறாங்க.

போன வாரம் தையலுக்கப்புறமான பரிசோதனைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனப்ப டாக்டரம்மாகிட்ட, "மேடம், உங்க மிஷினோட ஆரம் எவ்வளவு?"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் முழிச்சுட்டு, மூடியைத் திறந்து, டிராயர்லேருந்து ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக் குடுத்தாங்க. அச்சுலேருந்து குழாயோட அடி வரைக்கும் 8.5 செ.மீ. 2700 சுற்றுக்கு கணக்குப் போட்டா 690 சொச்சம். அதை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி மிஷின் மூடியில ஒட்டிக்கிட்டாங்க.